இளவரசி, ராஜகுமாரி, பிரின்சஸ்: எந்த இடத்தில் எந்தச் சொல்?

பிழைதிருத்தி (ராயப்பேட்டை):
நண்பர்களே, உலக அரச குடும்பங்களைப் பற்றிய ஒரு மொழிபெயர்ப்பு நூல் மெய்ப்புப் பார்க்க வந்திருக்கிறது. மொழிபெயர்த்தவர் நல்ல தமிழில்தான் எழுதியிருக்கிறார். ஆனால் அரியணைக்குப் பக்கத்தில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் அவருக்கு 'இளவரசி'தான். டயானா இளவரசி. அவருடைய நாத்தனார் ஆன், அவரும் இளவரசி. மொனாக்கோவின் கிரேஸ் இளவரசி. ஸ்வீடனின் விக்டோரியா இளவரசி. முதலாமவர் மருமகளாக வந்தவர். இரண்டாமவர் அந்த வீட்டிலேயே பிறந்தவர். மூன்றாமவர் நாட்டை ஆள்பவரை மணந்த ஹாலிவுட் நடிகை. நான்காமவர் நாளை தானே அரசியாகப் போகிறவர்.

ஒரே பத்தியில் மூன்று இளவரசிகள் வந்துவிட்டால், யார் மகள், யார் மருமகள் என்று வாசகர் மேலே போய்த் தேட வேண்டியிருக்கிறது. "அப்படியே விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் புரியும்" என்கிறார் பதிப்பாளர். எனக்கு மனம் ஒப்பவில்லை. நீங்கள் என்றால் என்ன செய்வீர்கள்?

அண்ணாசாலைப் பழையவர்:
நாளிதழில் இரவுப் பணியில் பல காலம் இருந்தவன் என்ற முறையில் சொல்கிறேன். பிரிட்டனில் இதற்குத் தெளிவான வழக்கம் உண்டு. மன்னரின் மகளும், மன்னருடைய மகன்களின் மகள்களும் பிறப்பால் இளவரசிகள். 1917-இல் ஐந்தாம் ஜார்ஜ் இதை வரையறுத்தார். அவர்களுக்குப் பட்டம் தங்கள் பெயருக்கு முன்னாலேயே வரும். மணமாகி வருகிறவர்களுக்கோ கணவரின் பட்டம், அதுவும் கணவரின் பெயரோடு. கென்ட் குடும்பத்து மைக்கேலின் மனைவி அதிகாரப்பூர்வமாக 'பிரின்சஸ் மைக்கேல்'. பழைய கல்யாணப் பத்திரிகைகளில் மனைவியின் பெயரே இல்லாமல் 'திருமதி ராமசாமி' என்று அச்சடித்தார்களே, அதே கதைதான்.

அந்தக் கணக்கில் டயானா 1981 முதல் 'வேல்ஸ் இளவரசி'. 1996-இல் மணவிலக்கு ஆன பிறகு 'டயானா, வேல்ஸ் இளவரசி'. 'பிரின்சஸ் டயானா' என்ற பட்டம் அவருக்கு ஒருநாளும் இருந்ததில்லை. உலகம் முழுவதும் அப்படித்தான் அழைத்தது என்பது வேறு. ஆன் மன்னரின் மூத்த மகள் என்பதால் 1987-இல் 'பிரின்சஸ் ராயல்' ஆனார். ஒரே நேரத்தில் ஒருவர்தான் அந்தப் பட்டத்தை வைத்திருக்க முடியும்.

நாங்கள் 'இளவரசி டயானா' என்றுதான் போட்டோம். தலைப்புக்கு இடம் போதாது, அச்சுக்கு அனுப்ப நேரம் போதாது. உங்கள் நூலுக்கு அந்த இரண்டு சாக்கும் கிடையாது.

கோடம்பாக்கத்தான்:
எங்கள் தெருமுனையில் மஞ்சள் நீராட்டு விழாப் பேனர் வைத்திருக்கிறார்கள். 'எங்கள் வீட்டு இளவரசி' என்று எழுத்து. மேலே கிரீடம், பின்னால் ஐரோப்பிய அரண்மனை, ஓரத்தில் மயில், கீழே வரிசையாகத் தாய்மாமன்கள், எல்லோரும் கறுப்புக் கண்ணாடியோடு. நீங்கள் மொனாக்கோவைப் பற்றிப் பேசிக்கொண்டிருங்கள்.

கல்வெட்டுப்பித்தன் (சிட்லபாக்கம்):
பேனரை விடுங்கள். அடிப்படையிலேயே ஒரு குழப்பம் இருக்கிறது. 'இளவரசு' என்பது நம் மரபில் ஒரு பதவி. அரசர் உயிரோடு இருக்கும்போதே அடுத்து ஆளப்போகிறவருக்கு இளவரசுப் பட்டம் கட்டுவார்கள். வடமொழியில் யுவராஜா. முதலாம் ராஜராஜன் 1012-இல் ராஜேந்திரனைத் தன்னோடு ஆட்சியில் சேர்த்துக்கொண்டான். ராஜேந்திரன் 1018-இல் தன் மகன் ராஜாதிராஜனைச் சேர்த்துக்கொண்டான். அந்த மகன் கால் நூற்றாண்டு தந்தையோடு சேர்ந்து ஆண்டு, படை நடத்தி, அதன் பிறகுதான் தனியாக அரியணை ஏறினான். அரசருக்கு ஐந்து மகன்கள் இருந்தால் ஐவரும் இளவரசர்கள் என்று எடுத்துக்கொள்வது இன்றைய பழக்கம்.

பெண்கள் விஷயத்துக்கு வாருங்கள். நம் மனத்தில் 'சோழ இளவரசி' என்றதும் வரும் முதல் பெயர் குந்தவை. தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் அவர் எப்படி வருகிறார்? 'ஆழ்வார் பராந்தகன் குந்தவையார்'. ராஜராஜதேவரின் திருத்தமக்கையார். வல்லவரையர் வந்தியத்தேவரின் மகாதேவியார். தந்தையின் பெயர் முன்னால், தம்பி ஒரு பக்கம், கணவர் ஒரு பக்கம். 'இளவரசி' மட்டும் இல்லை. ஆனால் ராஜராஜன் கோயிலுக்குக் கிடைத்த கொடைகளைக் கல்லில் வெட்டச் சொல்லும் இடத்தைப் பாருங்கள்: நாம் கொடுத்தனவும், நம் அக்கன் கொடுத்தனவும், நம் பெண்டுகள் கொடுத்தனவும் என்று வரிசை போகிறது. மனைவியருக்கு முன்னால் அக்கா. அந்தக் கோயிலில் தன் தந்தைக்கும் தாய்க்கும் திருமேனி எடுத்துவைத்துப் பொன்னும் நகையும் கொடுத்தவர் அவர். பட்டத்தைவிட அந்த 'அக்கன்' என்ற ஒரு சொல்லில் எனக்கு அதிக அதிகாரம் கேட்கிறது.

இன்னும் பழைய காலத்துக்குப் போனால் பாரியின் பெண்களை 'பாரி மகளிர்' என்றுதான் சொன்னோம். தகப்பன் பெயரே அவர்களுக்கு முகவரி. என் யோசனை: பிறப்பால் வந்தவர்களை 'அரசரின் மகள்' என்றே எழுதுங்கள். யாரும் குழம்ப மாட்டார்கள்.

தேன்மொழி (வடபழனி):
கல்வெட்டில் இல்லாத சொல்லை இன்று பயன்படுத்தக் கூடாது என்றால் நாம் பேசுவதில் பாதியை நிறுத்த வேண்டியிருக்கும். பள்ளிக்கூடப் பிள்ளையைக் கேளுங்கள்: இளவரசி என்றால் ராஜாவின் மகள். இன்றைய தமிழில் அதுதான் பொருள். நூல் வாங்கப்போகிறவர் அந்தப் பிள்ளையா, பதினோராம் நூற்றாண்டுச் சோழ அதிகாரியா?

கல்வெட்டுப்பித்தன்:
அம்மா, தடை போடவில்லை. பதவிக்கும் பிறப்புக்கும் ஒரே சொல்லை வைத்துக்கொண்டதால்தான் பிழைதிருத்தி இங்கே வந்து நிற்கிறார் என்கிறேன்.

நாஞ்சிலான் (வேளச்சேரி):
ராஜாவின் மகள் இளவரசி என்று அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிட்டீர்களே, எங்கள் ஊருக்கு வாருங்கள். குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்ச் சீமையில் (கடைசியில் திருவிதாங்கூர்-கொச்சியில்) இருந்தது. அங்கே அரச வீட்டில் மருமக்கள்தாயம். ராஜாவுக்கு அடுத்தவர் அவருடைய தம்பி அல்லது சகோதரியின் மகன். அடுத்து வரப்போகிறவருக்கு 'இளையராஜா' என்று பெயர். (பண்ணைப்புரத்துக்காரரை நினைத்துவிட்டீர்கள் அல்லவா? நானும் சிறுவயதில் அப்படித்தான் நினைத்தேன்.)

ராஜாவின் சொந்தப் பிள்ளைகளுக்கோ அரச குடும்பத்தில் இடமே கிடையாது. மகன் 'தம்பி', மகள் 'தங்கச்சி'. ராஜாவின் மனைவி 'அம்மச்சி', அவர் மகாராணி ஆக முடியாது. அப்படியானால் மகாராணி யார்? ராஜாவின் சகோதரியோ சகோதரியின் மகளோதான். பெண் வாரிசு இல்லாமல் போனால் வம்சமே நின்றுவிடும். அதனால் வேறு கிளையிலிருந்து பெண் குழந்தைகளைத் தத்து எடுப்பார்கள். 1900-இல் சேது லட்சுமி பாய், சேது பார்வதி பாய் என்ற இரண்டு சிறுமிகளைத் தத்து எடுத்தது அப்படித்தான். மூத்தவர் விளையாட்டு வயதிலேயே 'மூத்த ராணி' ஆகிவிட்டார். பின்னாளில் 1924 முதல் 1931 வரை பிரதிநிதியாக இருந்து நாட்டையே ஆண்டார். அவரை எந்தக் கணக்கில் 'இளவரசி' என்பீர்கள்? நாட்டை ஆண்டவர், ஆனால் எந்த ராஜாவுக்கும் மனைவியும் இல்லை, மகளும் இல்லை.

வடக்கே ஆண்பிள்ளை வேண்டும் என்று தத்து எடுத்தார்கள். இங்கே பெண்பிள்ளை வேண்டும் என்று தத்து எடுத்தார்கள். இந்த ஒரு வரியை உங்கள் நூலில் எங்காவது அடிக்குறிப்பாகச் சேர்க்க முடியுமா பாருங்கள்.

பிழைதிருத்தி:
நாஞ்சிலான் சார், அடிக்குறிப்பு போடுவது என் கையில் இல்லை, ஆனால் மொழிபெயர்ப்பாளரிடம் சொல்கிறேன். மொனாக்கோவுக்கு யாராவது வழி சொல்லுங்கள். அங்கே நாட்டை ஆள்பவரே 'பிரின்ஸ்'. தமிழில் 'இளவரசர் ஆல்பர்ட்' என்று இருக்கிறது. அப்படியென்றால் அரசர் எங்கே போனார் என்று கேட்க மாட்டார்களா?

ஜாம்பஜார்வாசி:
இதற்கு மொனாக்கோ வரை போக வேண்டாம். உங்கள் ராயப்பேட்டையிலேயே, பாரதி சாலையில் அமீர் மஹால் இருக்கிறது. ஆற்காடு இளவரசரின் வீடு. எந்த அரசருக்கு அவர் மகன்? எந்த அரசருக்கும் இல்லை.

நடந்தது இதுதான். கர்நாடக நவாப் (ஆற்காடு நவாப் என்றும் சொல்வார்கள்) குலாம் கவுஸ் கான் 1855-இல் பிள்ளையில்லாமல் இறந்தார். வாரிசு இல்லை என்று சொல்லி நவாப் பட்டத்தைக் கிழக்கிந்தியக் கம்பெனி ஒழித்தது. சேப்பாக்கம் அரண்மனையும் கைவிட்டுப் போனது. நவாபின் சிற்றப்பா அசீம் ஜா உரிமை கேட்டுக்கொண்டே இருந்தார். 1867-இல் விக்டோரியா அரசியின் ஆணைப்படி அவருக்கு 'அமீரே ஆற்காடு' என்று ஒரு பட்டம் கிடைத்தது. நவாப் என்றால் நாடு கேட்பார், அமீர் என்றால் நாடு வேண்டாம். 'அமீர்' ஆங்கிலத்தில் 'பிரின்ஸ்' ஆகி, அது தமிழில் 'இளவரசர்' ஆகிவிட்டது. 1971-இல் அரசியல் சட்டத்தின் 26-ஆவது திருத்தம் சமஸ்தான மன்னர்களின் பட்டத்தையும் மானியத்தையும் எடுத்துவிட்டது. ஆற்காடு பட்டம் அந்தப் பட்டியலில் வராததால் இன்றும் தொடர்கிறது. முடியரசு இல்லாத நாட்டில், அரசர் இல்லாத ஊரில், வயது முதிர்ந்த ஓர் இளவரசர். எங்கள் பகுதியில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை.

ஐரோப்பாவிலும் மூலம் இதுவே. லத்தீனில் 'பிரின்செப்ஸ்' என்றால் முதலாமவர். ரோமின் அகஸ்டஸ், ராஜா என்ற பெயரை மக்கள் வெறுத்தார்கள் என்பதால் அந்தப் பெயரை வைத்துக்கொண்டார். அதில் இளமையும் இல்லை, மகன் என்ற பொருளும் இல்லை. மொனாக்கோ, லீக்டன்ஸ்டைன் இரண்டும் அந்தப் பழைய பொருளிலேயே நிற்கின்றன. 1956-இல் கிரேஸ் கெல்லி மணந்தது ஆளும் மன்னரை. ஆகவே அவர் ராணிதான். 'சிற்றரசி' என்று போடலாம் என்பது என் கருத்து. நாடும் சிறியதுதானே.

கல்வெட்டுப்பித்தன்:
சிற்றரசர் என்றால் பேரரசருக்குத் திறை கட்டுகிறவர். மொனாக்கோ யாருக்குத் திறை கட்டுகிறது?

ஜாம்பஜார்வாசி:
'கோமகள்' என்று போடச் சொல்வீர்கள். 'கோமகன்' ஏற்கனவே டியூக்குக்குப் போய்விட்டது.

அண்ணாசாலைப் பழையவர்:
'மொனாக்கோவின் ஆட்சியாளர் மூன்றாம் ரெய்னியரை மணந்த கிரேஸ் கெல்லி'. பட்டமே வேண்டாம். கிரேஸ் கெல்லி என்றால் எல்லோருக்கும் தெரியும். முடிந்தது வேலை.

ஊசியும் நூலும் (மேற்கு மாம்பலம்):
நான் தையற்கடை வைத்திருக்கிறேன். உங்கள் இழையில் நுழையலாமா என்று யோசித்தேன், ஆனால் 'பிரின்சஸ்' என்ற சொல்லை ஒரு நாளைக்கு உங்கள் எல்லோரையும்விட அதிகமாகக் கேட்கிறவள் நான். 'பிரின்சஸ் கட் வைத்துத் தையுங்கள்' என்று சொல்லாமல் இப்போது யாரும் பட்டுப் பிளவுஸ் கொடுப்பதில்லை.

பெரும்பாலோருக்கு அது என்ன என்று தெரியாது, கழுத்து வடிவம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். சாதாரணப் பிளவுஸில் முன்பக்கம் ஒரே துணி. உடம்பின் வளைவுக்காக அங்கங்கே டார்ட் (துணியை மடித்துத் தைக்கும் கூர்மடிப்பு) பிடிப்போம். பிரின்சஸ் கட்டில் டார்ட்டே கிடையாது. கை வளைவிலிருந்தோ தோளிலிருந்தோ ஒரு வளைந்த கோடு மார்பின் மேல் இறங்கி இடுப்பு வரை போகும். அந்தக் கோட்டில் துணியை இரண்டாக வெட்டி, நடுப்பாகம், பக்கப்பாகம் என்று தனித்தனியாகச் சேர்ப்போம். டார்ட் செய்யும் வேலை முழுவதும் அந்தத் தையலுக்குள் ஒளிந்துகொள்ளும். உட்புறம் வளைந்த ஓரமும் வெளிப்புறம் வளைந்த ஓரமும் சேர வேண்டும் என்பதால் ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுப் போட்டு, இழுக்காமல் தைக்க வேண்டும். இழுத்தால் மார்பில் சுருக்கம் விழும். கோடு போட்ட துணியிலும் கட்டம் போட்ட துணியிலும் இதைக் கேட்காதீர்கள், கோடு அந்த இடத்தில் முறிந்து நிற்கும். கூலி ஏன் அதிகம் என்று கேட்பவர்களுக்கும் இதுவே பதில்.

1870-களில் பாரிஸில் சார்லஸ் ஃபிரெடரிக் வொர்த் என்ற தையல்காரர், அன்றைய வேல்ஸ் இளவரசி அலெக்சாண்டிராவை நினைத்து இந்த அமைப்புக்குப் பெயர் வைத்தார் என்று தையல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள். இடுப்பில் தனித் தையல் இல்லாமல் மேலிருந்து கீழ்வரை ஒரே ஓட்டமாக விழும் கவுன் அது. அவரும் மருமகளாக வந்தவர்தான், பழையவர் ஐயா சொன்ன கணக்கில். இங்கே மாம்பலத்தில் அது 'பிரின்சஸ் கட்'. 'இளவரசி வெட்டு' என்று கடையில் எழுதிவைத்தால் ரத்தக்காயம் என்று நினைப்பார்கள்.

தேன்மொழி:
அக்கா, இந்த இழையிலேயே உருப்படியான பதிவு உங்களுடையது. என் பிளவுஸ் ஏன் சுருங்கியது என்று இன்றுதான் புரிந்தது.

கல்லும் கம்பியும் (தியாகராய நகர்):
நகைக்கடையிலும் பிரின்சஸ் கட் உண்டு. வைரத்தில் அது சதுரம், நான்கு மூலையும் கூர்மை. 1980 வாக்கிலிருந்து அந்தப் பெயர் நிலைத்தது. கச்சா வைரம் பெரும்பாலும் இரண்டு பிரமிடுகளை அடியோடு அடி ஒட்டிய வடிவில் இருக்கும். அதிலிருந்து வட்டக்கல் எடுப்பதைவிடச் சதுரம் எடுத்தால் கழிவு குறைவு, அதனால் அதே எடைக்கு விலையும் சற்றுக் குறையும். ஆனால் மூலை தெறிக்கும், மூலைக்கு மூலை கம்பி பிடிக்க வேண்டும். சங்கிலி நீளத்திலும் சுமார் 18 அங்குலத்தை 'பிரின்சஸ்' என்பார்கள். அட்டிகைக்கும் ஆரத்துக்கும் நடுவில். பெயர் எல்லாம் விற்பனைக்கு. மலிவாகப் பட்டை தீட்டும் கல்லுக்கு 'சிக்கனக் கல்' என்று பெயர் வைத்தால் மாப்பிள்ளை வீட்டார் வாங்குவார்களா?

மயிலை ஓய்வாசிரியை:
தையலும் நகையும் சரி. கோடம்பாக்கத்தான் போட்ட பேனருக்கு யாரும் பதில் சொல்லவில்லையே.

எங்கள் காலத்தில் வருகைப் பதிவேட்டில் 'குமாரி' என்று எழுதினோம். குமாரி என்றால் மகள், அரசகுமாரி, கன்னிப்பெண் எல்லாமே. குமாரி கமலா என்று நடனக் கலைஞருக்கே பெயர் இருந்தது. அந்த அரசகுமாரியை மெல்ல மெல்ல வெறும் 'செல்வி'க்கு முந்தைய முன்னொட்டாகத் தேய்த்தோம். கொஞ்சுவதற்கு நம்மிடம் 'ராஜாத்தி' இருந்தது. அது கொஞ்சும் குரலில் மட்டும் வரும், பேனரில் வராது. 'மகாராணி' என்பதைத் திட்டுவதற்கு வைத்துக்கொண்டோம். 'மகாராணிக்கு இப்போதுதான் பொழுது விடிந்ததா?' என்று கேட்காத வீடு மயிலாப்பூரில் இல்லை. ஆக, செல்லத்துக்கும் ராணி, வசைக்கும் ராணி.

இப்போது 'இளவரசி' வந்திருக்கிறது. மகனுக்குப் பேனர் வைத்தால் 'சிங்கம்', மகளுக்கு 'இளவரசி'. சிங்கம் வேட்டையாடும். இளவரசி என்ன செய்வாள்? உட்கார்ந்திருப்பாள். அவள் பூப்படைந்ததை ஊருக்கு அறிவிக்கும் பேனரில் அவளுக்கு ஒரு கிரீடம், அடுத்த வாரம் சைக்கிளில் தனியாகப் போகக் கூடாது என்று ஓர் உத்தரவு. பட்டம் சூட்டிய அன்றே சிறை வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தச் சொல்லைப் பெண் குழந்தைகளின் பக்கமே கொண்டுவரக் கூடாது.

நெறியாளர்:
பேனர் பற்றிப் பேச விரும்புகிறவர்கள் தனி இழை தொடங்கலாம். இது சொல்லாட்சிப் பகுதி.

அப்பா பெரம்பூர்:
மன்னிக்கவும் நெறியாளரே, டீச்சருக்கு இங்கேயே பதில் சொல்ல வேண்டும். என் மகளின் முதல் பிறந்தநாள் அழைப்பிதழில் 'எங்கள் குட்டி இளவரசி' என்று நான்தான் போட்டேன். என் அப்பா என் அக்காவை எந்தச் சொல்லாலும் கொஞ்சியதில்லை. பெண் பிறந்திருக்கிறாள் என்றதும் மருத்துவமனைக்கு வர இரண்டு நாள் எடுத்துக்கொண்டவர். இதே தமிழ்நாட்டில்தான் 1992-இல் பெண் குழந்தைகளைக் கொல்லாதீர்கள், இங்கே விட்டுவிடுங்கள் என்று சேலத்தில் அரசாங்கம் தொட்டில் வைக்க வேண்டியிருந்தது. அந்தத் தலைமுறைக்கு அடுத்த தலைமுறையில் ஒரு தகப்பன் கடன் வாங்கியாவது மகளுக்குக் கிரீடம் வைத்துப் படம் போடுகிறான் என்றால், ரசனை மட்டம் என்று சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். சிறை என்று சொல்லாதீர்கள். சைக்கிளும் வாங்கித் தருவேன்.

மயிலை ஓய்வாசிரியை:
நீங்கள் வாங்கித் தருவீர்கள், நம்புகிறேன் தம்பி. நான் சொன்னது கறுப்புக் கண்ணாடி மாமன்களை.

சூளைமேடு சுந்தரி:
இளவரசி உட்கார்ந்திருப்பாள் என்பது பழைய சட்டம். 1979-இல் ஸ்வீடனில் கார்ல் ஃபிலிப் பிறந்தபோது, அக்கா விக்டோரியா இருந்தும், அவர்தான் பட்டத்து இளவரசர். 1980-இன் முதல் நாளில் சட்டம் மாறியது: மூத்த பிள்ளைக்கே அரியணை, ஆணோ பெண்ணோ. கைக்குழந்தையாக இருந்த தம்பியிடமிருந்து பட்டம் அக்காவுக்குப் போனது. பிரிட்டன் 2013-இல்தான் சட்டம் இயற்றியது, 2011 அக்டோபர் 28-க்குப் பிறகு பிறந்தவர்களுக்குப் பொருந்தும்படி. அதனால்தான் 2015-இல் பிறந்த சார்லட் தன் தம்பிக்கு முன்னால் வரிசையில் நிற்கிறார். இன்னொரு வேடிக்கை: பழையவர் ஐயா சொன்ன 1917 விதி அப்படியே இருந்திருந்தால் சார்லட் பிறந்தபோது 'இளவரசி'யே ஆகியிருக்க மாட்டார். வேல்ஸ் இளவரசருடைய மூத்த மகனின் மூத்த மகனுக்கு மட்டும்தான் அந்தத் தலைமுறையில் பட்டம் இருந்தது. 2012 டிசம்பர் 31-இல் எலிசபெத் அதைத் திருத்தினார்.

ஸ்பெயினில் வேறு முறை. அரசரின் மகள்களில் வாரிசுக்கு மட்டுமே 'பிரின்சேசா', மற்றவர் 'இன்ஃபாண்டா'. லியோனோர் இளவரசி, தங்கை சோஃபியா இன்ஃபாண்டா. கல்வெட்டுப்பித்தன் சொன்ன நம் பழைய இளவரசு முறைக்கு மிக நெருக்கமானது இதுதான். ஆனால் தம்பி பிறந்திருந்தால் லியோனோருக்கு அதுவும் கிடைத்திருக்காது, அங்கே ஆணுக்கு இன்னும் முன்னுரிமை இருக்கிறது. ஜப்பானில் பேரரசர் நருஹித்தோவுக்கு 2001-இல் பிறந்த அய்க்கோ ஒரே பிள்ளை, இருந்தும் அரியணை ஏற முடியாது. அவருடைய ஒன்றுவிட்ட சகோதரி மாகோ 2021 அக்டோபரில் சாதாரணக் குடிமகன் ஒருவரை மணந்தார், அன்றோடு இளவரசிப் பட்டம் போனது. தாய்லாந்தில் சிரிந்தோர்னின் பட்டம் 'சயாம் பரமராஜகுமாரி', 1977-இல் கொடுத்தது. அதை மட்டும் நாம் மொழிபெயர்க்கவே வேண்டாம்.

பிழைதிருத்தி:
பட்டத்து வாரிசுக்கு 'பட்டத்து இளவரசி', வாரிசு அல்லாத மகளுக்கு 'இளவரசி', மருமகளுக்கு முதல் முறை உறவைச் சொல்லிவிட்டு அதன் பிறகு பெயர் மட்டும். இப்படி மாற்றிப் பதிப்பாளருக்கு அனுப்பிவிட்டேன். மொனாக்கோவுக்குப் பழையவர் ஐயா சொன்னதே. ஜெர்மனியில் 1919-க்குப் பிறகு பட்டம் வெறும் குடும்பப் பெயராகிவிட்டதாம், அதை 'பிரின்செஸ்ஸின்' என்றே விட்டுவிட்டேன். ஒருவரின் இனிஷியலை மொழிபெயர்க்க முடியாது அல்லவா?

பாண்டிபஜார்_பழம்:
எல்லோரும் பேசிவிட்டீர்கள், 'ராஜகுமாரி'யை மறந்துவிட்டீர்கள். பாண்டி பஜாரில் நடிகை டி.ஆர். ராஜகுமாரி சொந்தமாகக் கட்டிய தியேட்டர், ராஜகுமாரி என்றே பெயர். அவருடைய இயற்பெயர் ராஜாயி. பட்டம் பெயரோடு வந்தது, அரண்மனையைத் தானே கட்டிக்கொண்டவர். இப்போது அந்தக் கட்டடம் இல்லை.

பாரிமுனை வக்கீல்:
சுந்தரி அவர்களின் பதிவைப் படித்துவிட்டு எழுதுகிறேன். ஸ்வீடன் 1980, பிரிட்டன் 2013 என்று போகிறீர்கள். நடுவில் நம்முடையது ஒன்று இருக்கிறது. இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்குத் தமிழ்நாடு செய்த திருத்தம், 1989 மார்ச் 25 முதல் நடைமுறை. கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே மகளுக்கும் பிறப்பாலேயே பங்கு. பிரிட்டன் அரச குடும்பத்துக்கு இருபத்து நான்கு ஆண்டு முன்னால். டீச்சரும் பெரம்பூர்த் தந்தையும் சண்டை போட்டுக்கொண்டது சொல்லுக்காக. நீதிமன்ற வராந்தாவில் நான் பார்ப்பது வேறு. கல்யாணத்தில் 'எங்கள் வீட்டு இளவரசி' என்று பேனர் வைத்த அதே அண்ணன்மார், அப்பா இறந்த பதினாறாம் நாள் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்கள். 'கையெழுத்துப் போடும்மா, உனக்குத்தான் நகை போட்டோமே.' இளவரசியும் போட்டுக் கொடுக்கிறார்.

கல்வெட்டுப்பித்தன்:
வக்கீல் சாருக்கு ஒரு முன்னுதாரணம் தருகிறேன். ராஜேந்திர சோழனின் மகள் அம்மங்கதேவி ஆந்திரப் பக்கத்து வேங்கி நாட்டுக்கு மருமகளாகப் போனார். சோழர் நேர்வழி அற்றுப்போனபோது, 1070-இல் அரியணையில் வந்து உட்கார்ந்தவர் அவர் பெற்ற பிள்ளை, முதலாம் குலோத்துங்கன். தாய்வழிப் பங்கு, சோழ நாடு முழுவதும்.

கோடம்பாக்கத்தான்:
அரண்மனையும் என் தாத்தாவின் அரை ஏக்கரும் ஒன்றா?

பாரிமுனை வக்கீல்:
அரை ஏக்கர் எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பழைய மகாபலிபுரம் சாலை என்றால் அரண்மனையே மேல்.

ஊசியும் நூலும்:
வக்கீல் ஐயா, ஒன்று கேட்கலாமா? எனக்குக் கல்யாணம் 1986-இல் நடந்தது. செங்கல்பட்டுப் பக்கத்தில் தாத்தா வழி நிலம். அப்பா 2001-இல் தவறிவிட்டார். 1989 சட்டத்துக்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குப் பங்கு இல்லை என்று தம்பிகள் சொல்கிறார்கள். அது உண்மையா?

பாரிமுனை வக்கீல்:
1989 சட்டத்தை மட்டும் பார்த்தால் அவர்கள் சொல்வது சரி, அதில் அந்த விலக்கு இருந்தது. ஆனால் 2005 செப்டம்பர் 9-இல் மத்தியச் சட்டமே திருத்தப்பட்டது, அதில் திருமணமானவர், ஆகாதவர் என்ற பாகுபாடு இல்லை. அந்தத் தேதியில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற சிக்கலையும் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்ட் 11-இல் தீர்த்துவிட்டது. உரிமை பிறப்பால் வருவது, தந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மகளுக்கு உண்டு.

உங்கள் விஷயத்தில் பார்க்க வேண்டியது வேறு. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாகப் பதிவான பாகப்பிரிவினையோ, விற்பனையோ, நீதிமன்றத் தீர்ப்போ இருந்தால் அதைக் கலைக்க முடியாது. 'வாய்மொழியாகப் பிரித்துக்கொண்டோம்' என்று தம்பிகள் சொன்னால் அது சுலபத்தில் எடுபடாது. தாத்தா வழி நிலம்தானா, அப்பா சுயமாக வாங்கியதா, உயில் ஏதும் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். முதலில் சர்வே எண்ணைக் கண்டுபிடியுங்கள். பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், எத்தனை ஆண்டுக்குக் கிடைக்கிறதோ அத்தனை ஆண்டுக்கும். கூடவே பட்டாவில் இப்போது யார் பெயர் இருக்கிறது என்றும் பாருங்கள். அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டு ஊரில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அதுவரை தம்பிகள் எந்தத் தாளை நீட்டினாலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ஊசியும் நூலும்:
நன்றி ஐயா. சர்வே எண் அம்மாவின் பெட்டியில் இருக்கும் பழைய தீர்வை ரசீதில் இருக்கிறது. திங்கட்கிழமை கடை விடுமுறை, அன்றைக்கே ஊருக்குப் போகிறேன்.